கதவைத் திறந்து கேட்ட அக்கா

எங்கள் அக்கா பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருக்கு நேர் இளையவனாகிய நான், அம்மாவின் விருப்பப்படி இதை எழுதுகிறேன்.

அக்கா சம்பூரில் பிறந்தவர். ஊர் இடம்பெயர்ந்தபோது உடுப்புகளை விட்டுவிட்டுப் புத்தகங்களைச் சுமந்து வந்தார். முகாம்களில் தங்கிப் படித்துச் சட்டத்தரணியானார். பின்னர் திருகோணமலை நகரில் தொழில் செய்தவரை, நீதவான் இல்லாத நாட்களில் அவருக்குப் பதிலாக இருக்கும் பதில் நீதவானாக நியமித்தார்கள். விடுமுறை நாட்களில் பொலிசார் சந்தேகநபர்களை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து முற்படுத்துவார்கள்.

தொடக்கத்தில் அக்காவிடமும் ஒரு தவறு நேர்ந்தது. இலங்கைத்துறை என்ற ஊரைச் சேர்ந்த சந்தேகநபர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அடுத்த தவணையில சொல்லுங்கோ” என்று, அதுவரை விளக்கமறியல் சிறையில் வைக்க உத்தரவிட்டார். அந்த மனிதருடைய தாய் சாகக் கிடந்தார் என்பதை அக்கா பிறகுதான் அறிந்தார். மகன் உள்ளே இருக்கையிலேயே தாய்க்கு வேறு ஒருவர் கொள்ளி வைத்தார். அக்கா இரண்டு நாட்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. “நான் நிமிர்ந்து பார்த்திருந்தால் கேட்டிருப்பன்ரா” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அமர்ந்த வேளையில் பொலிசார் வந்தார்கள்; அக்கா எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். நிலாவெளி விடுதியொன்றில் கமரா திருடினார் என்ற சந்தேகத்தில், கிண்ணியாவைச் சேர்ந்த மீனவர் ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள்.

“பதினாலு நாள் விளக்கமறியல் வேணும், மேடம். குற்றத்தை ஒப்புக்கொண்டிட்டார்” என்றார் பொலிஸ் அதிகாரி.

அக்கா அந்த மனிதரைப் பார்த்தார். “கதிரையில இருங்கோ.”

“இருக்க ஏலாது, மேடம்.”

“ஏன் ஏலாது?”

அவர் கண் அதிகாரியின் பக்கம் போனது.

“நீங்கள் கொஞ்சம் வெளிய, வாசல் படலையடியில நில்லுங்கோ” என்று அக்கா பொலிசாரை அனுப்பினார். அதிகாரிக்கு முகம் கறுத்தது. ஆனாலும் போனார். பிறகுதான் அந்த மனிதர் அடிபட்டுக் கன்றிப்போயிருந்த தம் தொடைகளின் பின்புறத்தையும் உள்ளங்கால்களையும் காட்டினார். சோற்றுச் சட்டியோடு குசினி வாசலில் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா தாம் கண்டதைத் தம் கையாலேயே எழுதினார். காயங்களைச் சோதிக்கும் சட்ட வைத்திய அதிகாரியிடம் அவரை உடனே காட்டும்படி உத்தரவிட்டார். அன்று மாலை எங்களுக்கு வேண்டியவர் ஒருவர் தொலைபேசியில், “கள்ளனுக்கு ஏன் பரிவு?” என்று கேட்டார். “வழக்கே இன்னும் தொடங்கேல்லை. கள்ளனெண்டு ஆர் தீர்த்தது?” என்று கேட்டு அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார்.

வைத்திய அறிக்கை வந்ததும் நீதிமன்றம் அந்த மீனவரைப் பிணையில் விட்டது. மாதங்கள் கழித்து, சான்று இல்லையென்று விடுதலையும் செய்தது. அவர் எடுத்தாரா இல்லையா என்பது பற்றி அக்கா ஒருநாளும் கதைத்ததில்லை.

நோய் முற்றிப் படுக்கையில் கிடந்தபோது ஒருநாள் நான் ஆற்றாமல், “ஒரு ஞாயிறாவது ஆறியிருந்தனீங்களா, அக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு நீங்களெல்லாம் இருந்தனீங்கள். அங்க வந்து நிக்கிறவனுக்கு அந்த நேரம் ஆருமில்லையடா.”

அதிலிருந்து ஐந்தாம் நாள் விடியலில் அக்கா கண்மூடினார்.

வைத்தியர்கள், தாதியர், சட்டத்தரணிகள், நீதிமன்ற ஊழியர்கள், துக்கம் நடந்த மூன்று நாட்களும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய அயலவர்கள் அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அக்காவின் கையெழுத்தால் எவருக்கேனும் ஒருநாளாவது சிறையில் வீணாய்ப் போயிருந்தால், எங்களை மன்னியுங்கள்.