சாணை பிடிக்கும் ஜிக்கும் நான் வைத்த சந்தனமும்

இரும்பில் துளை போடுகிற தொழிலில் பாதிப் பொழுது, மழுங்கின டிரில் பிட்டோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். வீட்டுக் கொட்டகையிலேயே பட்டறை வைத்துக்கொண்டு, சோற்றுப் பானையிலும் இரும்புத்தூளைக் கண்டு பதறுகிறவர்களே, உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் பாக்டரிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த சமயத்தில் நாங்கள் பட்ட பாடு இது.

கண்ணில் விழுந்த பொறி

என் வீட்டுக்காரர் பிட்டை வெறுங்கையில் பிடித்தே கிரைண்டர் கல்லில் தீட்டுவார். "கண்ணாடி போட்டுக்குங்க" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள் பொறி தெறித்து வலது கண்ணில் விழுந்தது. கட்டுப் பிரித்த மெட்ராஸ் டாக்டர், இனிமேல் கல் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

பிட் தீட்ட ஆள் இல்லாமல் பட்டறை எப்படி நடக்கும்? ஆஸ்பத்திரி வாசலிலேயே, "மூடிட்டு எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிடலாம்" என்று அழ ஆரம்பித்தேன். அவர் சொன்னார்: "எனக்கு மங்கலா தெரியிறது ஒரு கண்ணுதான். நீ அழுது ரெண்டையும் கெடுத்துக்காத. நட, பிராட்வேல எதுனா மெஷினு கெடைக்குதான்னு பாக்கலாம்."

ஆட்டிப் பார்த்து வாங்கியது

பிராட்வே கடைக்காரர், தீட்டும்போது பிட்டைப் பிடித்துக்கொள்ளும் 'ஜிக்' என்ற சாதனத்தில் இரண்டை எடுத்து வைத்தார். பிட்டை அதன் பள்ளத்தில் படுக்கவைத்து, கல்லுக்கு முன்னால் அப்படியும் இப்படியும் ஆட்டினால் போதும், கோணத்தை ஜிக்கே பார்த்துக்கொள்ளும் என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குக் கோணம் தெரியாது. ஆனால் அரிவாள்மணை தெரியும். அலகு அடியில் ஆடினால் கீரை நறுக்க முடியாது.

இரண்டையும் பிடித்து உலுக்கினேன். பளபளப்பாக இருந்த தகட்டு ஜிக் கடகடவென்றது. வார்ப்பிரும்பு ஜிக் மட்டும் சத்தமே இல்லாமல் போய் வந்தது. இவ்வளவு கனமான இரும்பு இப்படிப் பூப்போல அசையுமா! நம்பாமல் காதைப் பக்கத்தில் வைத்து மறுபடி ஆட்டினேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்: "இன்னாம்மா, தேங்கா வாங்குற மாதிரி ஆட்டிப் பாக்குற? உள்ள தண்ணி கெடையாதும்மா!"

பாயில் வைத்த பொட்டு

அந்த வார்ப்பிரும்பு ஜிக்கையே வாங்கி வந்தோம். கண்ணாடி மாட்டிக்கொண்டு தீட்டுவது நான், துளை போடுவது அவர் என்று வேலை ஓடியது. ஆயுத பூஜை வந்தது. மற்ற சாமான்களுக்கெல்லாம் ஒரு பொட்டு. எங்களைக் காப்பாற்றிய ஜிக்குக்கு மட்டும் பள்ளம் நிறையச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன்.

பூஜை முடிந்த மறுநாள், ஆரம்பாக்கத்திலிருந்து முனுசாமி என்ற விவசாயி ஓடிவந்தார். பம்புசெட்டில் ஒரு தகடு உடைந்துவிட்டது. மழையும் இல்லை, நட்ட பயிர் காய்கிறது. மாற்றுத் தகட்டில் துளை போட, அவசரமாகப் பிட்டைத் தீட்டிக் கொடுத்தேன். போட்ட துளையில் போல்ட் லொடலொடவென்று ஆடியது. தகடு வீண்.

வீட்டுக்காரர் ஜிக்கின் பள்ளத்தில் விரலை ஓட்டினார். காய்ந்த சந்தனம் கட்டியாக இருந்தது. அதன்மேல் பிட் ஒருபக்கம் ஒரு மாதிரியும், திருப்பிப் போட்டால் வேறு மாதிரியும் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பிட்டின் ஒரு விளிம்பு நீண்டு, துளை அகலமாகிவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார்: "பொட்ட நெத்தியில வெக்காம, பிட்டு படுக்குற பாயில வெச்சிருக்கியேடி!"

இரண்டு சுருள்

சந்தனத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, மறுபடி தீட்டினேன். இதுவும் தப்பினால் முனுசாமியின் பயிரும் போகும், பட்டறையின் பெயரும் போகும். இன்னொரு தகட்டை வைத்து வீட்டுக்காரர் டிரில்லை இறக்கினார்.

இரும்பு கத்தவில்லை. பிட்டின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் இரும்பு சுருள் சுருளாக எழுந்து வந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. முனுசாமி, "யக்கா, ரெண்டு பக்கமும் மீச முறுக்கிக்கினு வருது பாரு!" என்று கத்தினார். போல்ட் கச்சிதமாக உட்கார்ந்தது. வீட்டுக்காரர் அந்தச் சுருளைத் தடவிப் பார்த்துவிட்டு என் கையில் வைத்தார்: "இப்ப சொல்லு, உங்கண்ணன் ஊட்டுக்கு எப்பப் போலாம்?"

அன்றோடு பட்டறையை மூடவேண்டி வருமோ என்ற கவலை போய், ஜிக்கை யாராவது இரவல் கேட்டுவிடுவார்களோ என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது.