காலில் படாத இறால்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழை ஓய்ந்து பழவேற்காடு ஏரியில் மறுபடி உப்பு ஏறத் தொடங்கிய தை மாதத்தில் நடந்தது இது. கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டியே எங்கள் ஊர். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் சேற்றைக் காலால் துழாவுவோம். பாதத்தில் இறால் பட்டதும் குனிந்து கையால் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போடுவோம். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. எங்கள் கரையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. மாதவிலக்கு நின்ற கொஞ்ச நாளில் வந்தது. கவனிக்காமல் விட்டதில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்தார்கள். ஒற்றைக் காலோடுதான் போய்ச் சேர்ந்தாள். அக்காவுக்கும் அதே வயதில், அதே மாதிரி வந்தது. அவளுக்குக் காலில் இரண்டு விரல் போயிற்று. அக்கா அம்மாவை உரித்து வைத்தவள். அதே வட்ட முகம், அதே குட்டைக் கழுத்து. நானோ நைனா ஜாடை; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரைப் போலவே நெட்டை, அவர் மூக்கு, கொக்குக்கால். நைனா பக்கத்தில் ஒருத்தருக்கும் சர்க்கரை கிடையாது. அதனால் அம்மாவின் முகம் யாருக்கு வந்ததோ அவர்களுக்குத்தான் அம்மாவின் வியாதியும் என்று நாங்களாகவே தீர்மானம் செய்துவிட்டோம். சொந்தக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் பேசுவார்கள். எனக்கும் அதில் துளி சந்தேகம் இருந்ததில்லை.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு மாதவிலக்கு நின்றது. அப்பாடா என்றிருந்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவளுக்குத்தான் அந்த நிம்மதி தெரியும். அதற்கப்புறம் வந்த நாலைந்து வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வயிறு போட்டது. சாப்பாடு அதேதான், வேலையும் அதேதான், ஆனால் பழைய ஜாக்கெட் ஒன்றுகூடப் பத்தவில்லை. என்னோடு ஏரியில் இறங்கும் என் நாத்தனார், இந்த வயசில் அண்ணிக்கு வளைகாப்பு வைக்கணும் போலிருக்கு என்று கிண்டல் செய்தாள். கால் அடிக்கடி மதமதவென்று இருந்தது. தண்ணீரிலேயே கிடக்கிற கால் மரத்துப்போகாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க ஒரு பெண் வீடு வீடாக வருவாள். அவள் எங்கள் வாசலுக்கு வந்தாலே, எங்கள் அக்கா வீடு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டி அனுப்பிவிடுவேன். ஒரு தடவைகூட விரலை நீட்டியதில்லை.

அந்தத் தை மாதத்தில்தான் என் பறி நிறைய மாட்டேன் என்றது. ஏரி கெட்டுப்போச்சு, இறாலே இல்லை என்று கரையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் எனக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்கும் நாத்தனாருக்குப் பறி நிறைந்துகொண்டே இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்ல இடத்தையெல்லாம் முந்திக்கொண்டு நீயே துழாவிவிடுகிறாய் என்று அவளோடு சண்டைக்குப் போனேன். பாவம், அவள் தன் இடத்தை எனக்கு விட்டுவிட்டுத் தள்ளிப் போனாள். அங்கேயும் எனக்கு ஒன்றும் படவில்லை. அவள் போய் நின்ற புது இடத்தில் அவளுக்குக் கிடைத்தது. அன்றைக்கு அவளை விட்டுவிட்டு விறுவிறுவென்று கரையேறினேன்.

கரையில் இறாலை எடை போடும் இடத்துக்குப் போனபோது நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். நான் நடந்து வந்த சிமென்ட் தரை நெடுக ரத்தம். யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ரத்தம் என் காலடியில் வந்து முடிந்தது. என் கணவர் அப்போதுதான் படகை விட்டு இறங்கி வந்தார். என்னை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலில் உடைந்த கிளிஞ்சல் ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. சுற்றிலும் வீங்கிச் சீழ் கோத்திருந்தது; ஏறி நாலைந்து நாளாவது ஆகியிருக்கும். அவர் இடுக்கியால் பிடித்து இழுத்தார். நான் எடைக்காரரோடு விலை பேசிக்கொண்டிருந்தேன்.

"இன்னாமே, வலிக்கலியா உனக்கு?" என்றார்.

"இன்னும் எடுக்கலியே நீ" என்றேன்.

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கிளிஞ்சல் அதில் இருந்தது. அந்த மனிதர் புயலில் படகு கவிழ்ந்தபோதுகூடப் பதறாதவர். அன்றைக்கு அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல் ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. என் மகள் வயதுதான் இருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது என்றார். மெஷின் தப்பாக இருக்கும், நான் நைனா ஜாடை என்று அவருக்கே விளக்கம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தூண்டில் நரம்பு போல ஒரு சின்னத் துண்டை எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இது காலில் படும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன்.

"எப்போ ஆரம்பிப்பீங்க டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு காலும் முடிச்சிட்டேன்மா" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏரியில் இறால் இருந்திருக்கிறது. என் பாதத்தில் பட்டுத் துள்ளி ஓடியிருக்கிறது. என் காலுக்குத்தான் அது தெரியவில்லை. 

புண் எலும்பு வரைக்கும் போய்விட்டதா என்று படம் எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், போயிருந்தால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார்கள். படம் வருகிற வரைக்கும் கட்டிலில் கிடந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து அடுப்படிக்குப் போனதே கண் முன்னால் நின்றது. ஏரியில் இறங்காத என்னை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அப்படிப் பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சேதி கேட்டு அக்கா பஸ் பிடித்து வந்துவிட்டாள். விரல் போன காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து நடந்து வந்து, என் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இறால் கதையை அவளிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கும் மொதல்ல அப்டித்தான்டி ஆச்சு. இறால் கால்ல படாம போச்சு" என்றாள்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்குத்தான் வராதுன்னு சொல்லிக்கினே இருந்தியே. எங்க வியாதிய உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு வுட்டுட்டேன்."

அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் தோளில் சாய்ந்து, பக்கத்துக் கட்டில்காரி எழுந்து பார்க்கிற அளவுக்கு அழுதேன்.

படம் வந்தது. புண் எலும்பைத் தொடவில்லை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கதையே வேறு என்றார் டாக்டரம்மா. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கும் அக்காவுக்கும் பொறுமையாகச் சொன்னார். "மூக்கும் மொகமும் உங்க நைனா கொடுத்ததா இருக்கலாம்மா. ஆனா உடம்புக்குள்ள பாதி அம்மாவோடது, அது வெளியில தெரியாது." மாதவிலக்கு இருக்கும் வரை பெண் உடம்புக்கு ஒரு காவல் இருக்கிறதாம். அது நின்றதும் கொழுப்பு வயிற்றில் சேருமாம். குடும்பத்தில் சர்க்கரை இருக்கிற பெண்ணுக்கு அந்தச் சமயத்தில் அது எளிதாகத் தலைதூக்குமாம். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்றில்லை, ஆனால் பரிசோதனை செய்யாமல் இருக்கக் கூடாது, ஆரம்பத்திலேயே பிடித்தால் அடக்கி வைக்கலாம் என்றார். நீங்கள் ஏரியில் பாடுபட்டதால்தான் இத்தனை வருஷம் தள்ளிப் போயிருக்கும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் போன தைரியத்தில் பாதி திரும்பி வந்துவிட்டது.

புண் ஆற மாதக்கணக்கில் ஆனது. நாத்தனாரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதற்கும் வளைகாப்புக் கதையைத்தான் எடுத்தாள். இப்போது மாத்திரை தவறுவதில்லை, சோறு பாதியாகிவிட்டது, ஜாக்கெட்டுகளில் இரண்டு திரும்பப் பத்துகிறது. காலில் உணர்ச்சி கொஞ்சம்தான் திரும்பியது. அதனால் ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு, ஆழமில்லாத இடத்தில் உட்கார்ந்து கையால் மட்டும் துழாவுகிறேன். முன்னைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது, இருந்தாலும் அந்தக் கரையில் பாதிப் பேரைவிட எனக்கு அதிகம்தான். ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த என் மகளை வருஷம் தவறாமல் ரத்தம் பார்க்க வைக்கிறேன். ஊரில் எந்தப் பெண் மாதவிலக்கு நின்றுவிட்டது என்று சொன்னாலும், உன் அம்மாவுக்கு என்ன வியாதி என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

உள்ளங்காலைத் தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் குனிந்தால் வயிறு இடிக்கிறது. அதனால் சாயங்காலம் என் கணவர்தான் என் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விரல் இடுக்கு வரைக்கும் பார்க்கிறார். பொண்டாட்டி காலைப் பிடிக்கிறான் என்று கூட்டாளிகள் கேலி செய்தால், ஆமாம், பிடிக்கிறேன், அதற்கென்ன என்கிறார். அம்மா கொடுத்தது என் ரத்தத்தில் இன்னும் இருக்கிறது, நான் இருக்கும் வரை இருக்கும். ஆனால் அது எப்படி வரும், எப்படி அடக்கி வைக்கலாம் என்று அம்மாவுக்குக் கடைசி வரை யாரும் சொல்லவில்லை, எனக்குச் சொன்னார்கள். நான் இரண்டு காலில் நிற்பதற்கும் அவள் ஒற்றைக் காலோடு போனதற்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அது ஒன்றுதான்.