ஸ்பீக்கருக்கு இடைஞ்சலான கட்டில்

பல்லுக்காரர் என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பல் பிடுங்குகிறவர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பவர். முடியளவு தூக்கலாக இருந்தாலும் கடிக்கும்போது உறுத்தும் என்று ஒரே பல்லை ஒன்பது தடவை தேய்ப்பார். பகல் முழுக்க அந்தத் தேய்ப்பு மெஷினின் கிறீச் சத்தம் காதுக்குள் ஏறிக் கிடக்கும். அதை இறக்கிவைக்க மாலையில் அவருக்குப் பாட்டு வேண்டும். வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது; இது ஒன்றே போதாதா என்பாள் மனைவி.

பாட்டு கேட்பது பின்னறையில். சரியாகச் சொன்னால் அது அண்ணனின் அறை. அண்ணன் லாரிகளுக்கு வயரிங் பார்க்கிற எலெக்ட்ரீஷியன். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாமல் தம்பியைப் படிக்க வைத்து, இந்தத் தொழிலில் சேர்த்துவிட்டவர். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டாதவர். ஜன்னலோரம் அவருடைய இரும்புக் கட்டில். அண்ணன் அதில் சாய்ந்துகொள்வார், தம்பி நாற்காலியில். அலமாரி மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பழைய ஸ்பீக்கர்களும் தங்களால் முடிந்தவரை பாடும். பதினெட்டு வருஷம் அப்படித்தான் போயிற்று.

கெட்ட நேரம், பல்லுக்காரர் ஒரு நாள் பெரிய ஸ்பீக்கர் கடைக்குள் நுழைந்துவிட்டார். அங்கே இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், வெறும் காற்றில், ஒரு பாடகி நின்று பாடினாள். வரிக்கு வரி அவள் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் வீட்டுக்கு வந்து இறங்கின. கடை ஆட்கள் மாட்டித் தருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். பல்லுக்குக் கம்பி கட்டுகிற கைக்கு இது ஒரு வேலையா?

மாட்டினார். பாட்டைப் போட்டார். பாடகி நடுவில் வந்து நிற்கவில்லை. குரல் புகை மாதிரி அறை முழுக்கக் கலைந்து கிடந்தது. டிரம்ஸில் அடிச்சத்தமே இல்லை. ஒரு ஸ்பீக்கரை ஒட்டிக் கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணன், "எனக்கு நல்லாத்தாண்டா கேக்குது" என்றார். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்தார்.

"பிளஸ் மைனஸ் பார்த்துத்தானே மாட்டினே?"

"அண்ணே, இது லாரி இல்ல. வயரைத் தொடாத."

சொன்ன விதம் கொஞ்சம் கடுமைதான். அண்ணன் கையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார்.

கடைக்காரருக்குப் போன் போனது. "பாதி ஸ்பீக்கர்னா, மீதிப் பாதி ரூம் சார்" என்றார் அவர். கனத்த திரை வந்தது. தரைக்குக் கம்பளம் வந்தது. அலமாரி வெளியே போனது. பாடகி மட்டும் வந்தபாடில்லை. கடைசியில் அறையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்ன கடைக்காரர், பார்த்ததுமே கூப்பிட்டார். "ஒரு பக்கம் இரும்புக் கட்டில், இன்னொரு பக்கம் வெறும் சுவர். குரல் எப்படி சார் நடுவுல நிக்கும்?"

இதை அண்ணனிடம் சொல்லப் பல்லுக்காரருக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் கட்டிலையே பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அண்ணனே கேட்டார்.

"கட்டில் இடைஞ்சலா இருக்காடா?"

"கொஞ்ச நாளைக்கு ஹால்ல போட்டுப் பார்க்கலாமா அண்ணே?"

ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இருவருமே தூக்கினார்கள். ஹாலில் இரவு பதினொன்று வரை டிவி, விடிவதற்கு முன்பே சமையலறை விளக்கு. வருகிறவர் போகிறவர் எல்லோரும் கட்டிலைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அண்ணன் தன் காலையே மடக்கி மடக்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒர்க்‌ஷாப் மாடியில் ஓர் அறை பிடித்திருப்பதாகச் சொன்னார்.

"போறேன்னா விட்டுடுவீங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மனைவி அடிக்குரலில் இடித்தாள். பல்லுக்காரர் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் மனசில் ஓடியது, ஜன்னலோரம் காலியான இடத்தில் சத்தத்தை அடக்கும் பஞ்சுப் பலகை எத்தனை அடிக்கு நிறுத்தலாம் என்பதுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் அவருக்கு உடம்பு கூசும்.

பலகையை மாட்டக் கடையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வேலையைத் தொடங்குமுன் ஒரு பாட்டைப் போடச் சொன்னாள். நாலு வரி கேட்டதும் புருவத்தைச் சுருக்கி, நேரே ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் மண்டியிட்டாள்.

"சார், இடது பக்கம் பிளஸ் மைனஸ் மாறிக் கிடக்கு. ரெண்டு இழையும் ஒரே வெள்ளியா இருக்குல்ல? பிளஸ்ல மட்டும் மெல்லிசா ஒரு கோடு ஓடும். இந்தாங்க பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோடு இருந்தது. அவள் பிடுங்கி மாற்றி மாட்ட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பாடகி வந்து நட்டநடுவில் நின்றாள், கடையில் நின்ற அதே நிற்பு. பல்லுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"இங்க ஒரு கட்டில் கிடந்திருந்தா?" என்று கேட்டார்.

"கிடந்தா என்ன சார்? காதால கண்டுபிடிக்கிற அளவுக்கு வித்தியாசம் இருக்காது."

பாட்டு முடியும்வரை அவர் இருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் மாடிக்கு ஏறினார். அண்ணன் தரையில் உட்கார்ந்து யாருடைய ஹார்னையோ பிரித்துப் போட்டிருந்தார். அண்ணனோடு இங்கே வந்துவிட்ட அந்த இரும்புக் கட்டிலின் விளிம்பில் தம்பி உட்கார்ந்தார்.

"வயர்தான் அண்ணே. இடது பக்கம் மாத்தி மாட்டியிருக்கேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னிக்குக் குனிஞ்சப்பவே பார்த்தேனே."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீதான் தொடாதன்னு சொன்னே. விட்டுட்டேன்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பல்லுக்காரர் பிழைத்திருப்பார்.

"கட்டிலைத் தூக்குறப்பவாவது சொல்லியிருக்கலாமே அண்ணே!"

அண்ணன் ஹார்னின் திருகை ஒரு துணியில் துடைத்துக் கீழே வைத்தார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்கு முன்னாடி நீ, 'சத்தம் எப்படியோ போகட்டும், கட்டில் இங்கயே கிடக்கட்டும்'னு சொல்லுவியான்னு பார்த்தேன். ரெண்டு பேரும் தூக்கிட்டோம். கதவு தாண்டுற வரைக்கும் பார்த்தேன்டா."

பல்லுக்காரருக்குக் கண் கலங்கி, எதிரில் இருந்த சுவர் தெரியவில்லை. எழுந்து நின்று கட்டிலின் கம்பியைப் பிடித்தார்.

"தப்புதான் அண்ணே. வீட்டுக்கு வந்துடு. இப்பவே தூக்கிட்டுப் போயிடலாம்."

"இது இங்க நல்லா பொருந்திடுச்சு" என்று சொல்லி அண்ணன் அடுத்த திருகை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, தம்பி இன்னும் கம்பியை விடாததைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை பாட்டு கேக்க வரேன். ஒரு நாற்காலி போட்டு வை" என்றார்.

பதினெட்டு வருஷத்தில் அந்த அறையில் அண்ணன் ஒரு தடவைகூட நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.