தபால் நிலையத்தில் அடங்கிய குரல்

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் உள்ள தபால் நிலையத்து அம்மாள் எல்லா முகவரிகளையும் வாசல்வரை கேட்கும்படி படித்துக்கொண்டேதான் கணினியில் ஏற்றுவார். கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கும்.

மாவட்டத்தில் போலீசார் எத்தனை முறை தடியடி நடத்தினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு, காவல்துறை அலுவலகத்துக்கு எழுதிய, மேலே 'தகவல் உரிமை மனு' என்று குறித்த உறையை நீட்டினேன். அப்போதுதான் எனக்குப் பின்னால் சீருடையில் ஒரு காவலர் வந்து நின்றார். என் பெயரும் குவார்ட்டர்ஸ் எண்ணும் அவர் காதில் விழுமே என்று பயந்தேன்.

அம்மாள் உறையைப் பார்த்தார், காவலரைப் பார்த்தார். வாய் திறக்காமல் கணினியில் தட்டினார். 

"என்னம்மா, இன்னிக்கி தொண்ட கட்டிக்கிச்சா?" என்று காவலர் சிரித்தார்.

"ஆமாங்க சார், பனி," என்றவர் ரசீதைக் கவிழ்த்து என்னிடம் தள்ளினார்.

காவலரின் உறையையும் மௌனமாகவே ஏற்றினார். அதன்பின் நான் போன நாட்களிலும் அவர் எதையும் உரக்கப் படிக்கவில்லை. அம்மாள் பயந்தது எனக்காகவா, தனக்காகவா என்று கேட்க எனக்கும் குரல் எழவில்லை.