மூன்றாம் பாகம் ஆக்லாந்து போனது

ஆள் போன வீட்டைக் காவல் காப்பது லேசான வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருடன் வராத நேரமெல்லாம் யோசனை வந்து உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபிஜியில் ஒவ்வொரு ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகும் இந்திய வம்சத்து நம்மவர்கள் ஆக்லாந்து, சிட்னி என்று கிளம்புவார்கள். வீடு விற்கும்வரை ஜன்னல் கண்ணாடியைக்கூட யாரும் கழற்றிப் போகாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான், அவர்கள் விட்டுப்போன புத்தகங்களைக்கொண்டே உலக இலக்கியத்தை ஆதியிலிருந்து இன்றுவரை வரிசையாகப் படித்துவிடுவதென்று சபதம் எடுத்தேன். ஒன்றைக்கூடத் தாண்டக் கூடாது.

வுனிமோனோவில் ஆதிகாலம்

முதல் வீடு வுனிமோனோவில் ஒரு நெல் விவசாயியுடையது. மகள் கல்லூரியில் படித்த புத்தகங்கள் அலமாரியில் கிடந்தன. களிமண் பலகையிலிருந்து மொழிபெயர்த்த கதைகள், கிரேக்க நாடகங்கள். அகராதியோடு மல்லுக்கட்டி முடித்தேன். அடுத்தது ரோமாபுரி. அது அங்கே இல்லை.

விடிந்ததும் டீ கொண்டுவருகிற பக்கத்து வீட்டு காதர் அண்ணனிடம், "ரோமாபுரி வேணும்ணே. அடுத்து யார் கிளம்புறாங்கன்னு தெரியுமா?" என்று ஆவலாகக் கேட்டுவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடப்பாவி, உன் படிப்பு ஏற ஏற ஊரு காலியாகுதேடா!"

பாலத்தில் சிப்பாய்

ஊரடங்கு நாட்களில் வேலைக்குப் போகிறவன் பொழுது சாயுமுன் நவுசோரிப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். அங்கே நின்ற ஃபிஜியச் சிப்பாய் என் பையைக் கொட்டினார். ரொட்டி, டார்ச், ஒரு கிரேக்க நாடகம்.

"இதுல என்ன இருக்கு?" என்று ஹிந்தியில் கேட்டார். எனக்கு ஹிந்தியும் வரும், பொய்தான் வராது. "ஒரு ராஜாவை நாற்காலியிலிருந்து இறக்குறாங்க" என்றேன். பின்னால் நின்ற மினிபஸ்ஸே மூச்சை அடக்கிக்கொண்டது. எப்போது நடந்தது என்றார். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலே என்றேன். புத்தகத்தைத் தூசி தட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப சரி, போ. போன வாரம்னு சொல்லியிருந்தா உன்னை உள்ளே வெச்சிருப்பேன்."

நசினுவில் விழுந்த பள்ளம்

ரோமாபுரி, பாரசீகம், ஸ்பெயின் எல்லாம் கடந்து, நசினுவில் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் வீட்டில் ருஷ்யாவுக்கு வந்து சேர்ந்தேன். மாஸ்டர் ஆக்லாந்துக்குக் கிளம்பியபோது சொந்தக்காரர்கள் பாத்திரம், கட்டில், கோழிக்கூடு வரை தூக்கிப் போயிருந்தார்கள். புத்தகத்தை ஒருவரும் தொடவில்லை. மூன்று பாகமுள்ள ருஷ்ய நாவல். இரண்டாம் பாகம் முடிகிற இடத்தில் வண்டி பனியில் கவிழ்ந்து கதாநாயகன் அடியில் கிடக்கிறான். மூன்றாம் பாகம் இல்லை.

அடுத்த தட்டில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. சபதமோ தாண்ட விடவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அதன் எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தேன். தன் அண்ணன் ஆக்லாந்துக்குக் கூப்பிட்டும் நான் கிளம்பாததால் போகமுடியாமலிருக்கும் என் மனைவி, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"மூணாம் பாகம் அங்கே இருக்குன்னா நீங்க பிளேன் ஏறிடுவீங்க. பொண்டாட்டி கேட்டா மட்டும் கால் வலிக்கும்."

மாஸ்டர் வந்தார்

வீடு விலைபோனது. கையெழுத்துப் போட மாஸ்டர் வந்தார். பையிலிருந்து அவர் எடுத்தது மூன்றாம் பாகம்! கலவர வாரத்தில் அவசரமாகப் பெட்டி கட்டும்போது, விமானத்தில் படிக்க முதல் பாகமென்று நினைத்து உருவிக்கொண்டாராம். "யார் யாருக்கு என்ன உறவுன்னே புரியலப்பா. அந்த ஊர்ல கேட்கவும் ஆள் இல்லை" என்றார்.

காலி ஹாலில் பாய் விரித்து, யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் குடித்தபடி, முதல் இரண்டு பாகங்களை நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டார். நாவலை முழுசாகப் படிக்க அவருக்கும் ஆசை, எனக்கும் ஆசை. புத்தகம் அவருடையது. அவர் திரும்பிப்போகுமுன் மூன்றாம் பாகத்தை முடித்துத் தருவதென்று வாங்கிக்கொண்டேன். முடித்தேன். மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நானே எழுதினவன் மாதிரி என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. கடைசி அத்தியாயம் என்று வாயெடுத்தேன். மாஸ்டர் கையால் என் வாயைப் பொத்தினார்.

"முடிவைச் சொல்லிடாதேப்பா, அங்கே எனக்குப் பொழுது போகணும்."

களிமண் பலகையிலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை பாஸ்போர்ட் இல்லாமல் நடந்தே வந்து சேர்ந்துவிட்டவன் நான், ஆக்லாந்தைப் பற்றியும் அதன் முறை வரும்போது வரிசைப்படி யோசித்துக்கொள்வேன்.