பொங்கல் தெரியாத ஆஸ்பத்திரி

உடம்பைக் குறைக்க வெளிநாட்டில் ஆபரேஷன் செய்துகொள்வது என்று நான் முடிவு செய்திருந்த நேரம். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் சட்டைக்குள் இன்னொருவரும் நுழையலாம். பாட்டிலைத் திறந்து ஒரே ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார், மூடுவார், கொஞ்சம் பொறுத்து மறுபடி திறப்பார்.

"வயித்தச் சின்னதாக்கிட்டாங்க. மடமடன்னு குடிக்க முடியாதுங்க" என்று சிரித்தார். எங்கே என்றேன். நான் போகவிருந்த அதே நாட்டைச் சொன்னார்.

"டாக்டர் கைராசிக்காரர், குறை சொல்ல மாட்டேன். ஊருக்கு வந்து ஒரு மாசத்துல சமயபுரத்துல வேண்டுதல முடிச்சேன். பிரசாதத்த வேண்டாம்னு சொல்லலாமா? ஒரு தொன்னை பொங்கல முழுசாத் தின்னுட்டேன். நெஞ்ச அடைக்குது. ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா, பொங்கல்னா என்னன்னு கேக்குறாங்க! நான் வாந்தி எடுக்கிறதா, பக்குவம் சொல்றதா?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இப்ப யாருங்க பாக்குறாங்க?" என்று கேட்டேன்.

"திருச்சியில ஒரு டாக்டரம்மா. யாரோ பண்ணினதுக்கு நான் பொறுப்பான்னு மொதல்ல கும்பிடு போட்டாங்க. நாலு தடவ அலைஞ்சப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. ரத்த டெஸ்ட், சத்து மாத்திரை, திட்டு எல்லாம் ஆயுசுக்கும் உண்டு. நடவு ஒரு நாள் வேலைங்க. தண்ணி கட்டுறது அறுப்பு வரைக்கும்."

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் அவர் இறங்கிப் போய்விட்டார். அன்றே, என் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். "திரும்பி வந்தப்புறம் என்னை யாருங்க பாத்துக்குவாங்க?"

"ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பிடுவோம் சார்" என்றார்.

டிக்கெட் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த டாக்டரம்மா பேரையாவது மில்காரரிடம் கேட்டு வைத்திருக்கலாம்.