வயலில் நின்ற தண்ணீரும் நானும்

மூழ்கிக் கிடந்த பக்கத்து வயலில், முழங்கால் தண்ணீரில் நின்று, சோகமான முகத்தோடு செல்ஃபி எடுத்துப் போட்டவன் நான். 'இன்னும் ஓர் அதிகாரிகூட வரவில்லை' என்று கீழே காரசாரமாக எழுதியும் இருந்தேன். பதினேழு தடவை எடுத்ததில் தொப்பை தெரியாதது அது ஒன்றுதான்.

வயல் முனிரத்தினத்துடையது. அந்த நெல்லை விட்டால் அவருக்கு இந்த வருடம் வேறு வரும்படி கிடையாது. ஆந்திர எல்லைக்குள் இருக்கும் எங்கள் பாலசமுத்திரத்தில் புயல் மழை விட்டு நாலாம் நாளும் யாரும் வராததால், உதவுவதாக நினைத்து, டீசல் இன்ஜின் கொண்டுவந்து தண்ணீரை இறைத்துவிட்டேன். பயிர் அதற்குள் அழுகியிருந்தது.

எட்டாம் நாள் சேதம் பார்க்க வந்த அதிகாரி, "நீள்ளு எக்கட?" என்று தெலுங்கில் கேட்டுத் தண்ணீரைத் தேடினார். தண்ணீர் நிற்கும் படம் இல்லாவிட்டால் அவருடைய ஆப் நஷ்டத்தை ஏற்காதாம்.

"எட்டு நாள் கழிச்சு வந்தா, தண்ணி உங்களுக்காகக் காத்துக்கினு இருக்குமா சார்?" என்றார் முனிரத்தினம்.

நான் கூச்சத்தோடு அந்த செல்ஃபியை நீட்டினேன். தேதியும் இடமும் பதிந்திருந்தன. அதிகாரி என் முகத்தை ஒதுக்கிவிட்டு, பின்னாலிருந்த வெள்ளத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

வடிந்த பிறகு தண்ணீரைத் தேடும் அரசாங்கத்தை இன்றும் திட்டுகிறேன், திட்டத்தான் வேண்டும். தண்ணீருக்குள் நின்றுகொண்டு தொப்பையைக் கவனித்தவன் நான் என்பதும் கூடவே ஞாபகம் வந்து தொலைக்கிறது.

ஜீப் போனதும் முனிரத்தினம் சொன்னார்: "அண்ணா, அடுத்த மழைக்கு இன்ஜினெல்லாம் வாணாம். நீ சும்மா வந்து நின்னு போட்டோ மட்டும் புடி, போதும்."